சைலன்சருக்குள்ளே ஒரு சூட்டுக் கணக்கு



நாங்கள் இருப்பது ஆக்லாந்துக்குத் தெற்கே, பாப்பாகுரா. இங்கிருந்து காரில் பத்து நிமிடம் போனால் ஆர்ட்மோர் விமான நிலையம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கட்டியது. இப்போது பயிற்சி விமானங்களும் சொந்த விமானங்களும் பறக்கிற இடம். போன கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, மத்தியானம் பாப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. பாப்பா வீல் என்று அலறி எழுந்தாள்.

"என்னடா இது, சைலன்சர் கழட்டின புல்லட் வானத்துல போகுது?" என்றார் அம்மா.

அது யாருடைய விமானம் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. அதன் சைலன்சருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்ததே நான்தான்!

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இங்கே வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வராது, 'அங்கிள்' தான். பல வருடமாகத் தன் கையாலேயே இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். அதில் அவர் போட்டது, பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து எடுத்த 13பி ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு சுழலும், அவ்வளவுதான். எடை குறைவு, உடைய அதிகம் பாகங்கள் இல்லை. ஆனால் சத்தம்?

குக்கரில் ஆவி அடங்கும் முன்னே வெயிட்டைச் சடாரென்று தூக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் இது. சாதாரண எஞ்சினில் வால்வு மெல்ல மெல்லத் திறக்கும். இதில் ரோட்டரின் முனை தாண்டிய கணமே துவாரம் திறந்துவிடும். எரிந்து முடிக்காத சூட்டோடு புகை வெடித்து வெளியே வரும். அதுவும் நிமிடத்துக்கு 6000 சுற்றில், இரண்டு ரோட்டருக்குமாகச் சேர்த்து நொடிக்கு 200 வெடி. 2700 சுற்றில் ஓடுகிற வழக்கமான நாலு சிலிண்டர் விமான எஞ்சினில் இது 90 தான். காதுக்கு 200 இன்னும் கூர்மையாக உறைக்கும்.

'நீ கம்ப்யூட்டர் ஆளாச்சே, ஒரு டப்பா டிசைன் பண்ணிக் கொடு' என்று அங்கிள் கேட்டார். குழாய் நடுவே அகலமான டப்பா வைத்தால், சத்த அலை உள்ளே மோதித் திரும்பி, வருகிற அலையோடு சண்டை போட்டுக் கொஞ்சம் அடங்கும். டப்பாவின் நீளம் அலை நீளத்தில் கால் பங்கு இருந்தால் நல்லது. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், 200-ஆல் வகுத்தால் 1.7 மீட்டர், அதில் கால் பங்கு 43 சென்டிமீட்டர். பத்து வரி புரோகிராம். பெருமையாக பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த டப்பாவோடுதான் பாப்பாவை எழுப்பினார்.

மறுநாள் ஹேங்கருக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தபடி என் காகிதத்தைக் காட்டினார். "340 எந்தச் சூட்டுக்கு?" என்று ஒரே கேள்வி. அறை வெப்பத்துக்கு! இந்த எஞ்சின் புகையோ 900 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் ஒலி ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக, நொடிக்கு 680 மீட்டருக்கு மேல் ஓடும். அப்படியானால் டப்பா 85 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். என் புரோகிராமில் தப்பே இல்லை. என் ஏசி அறைக்கு அது சரியான விடை.

அவ்வளவு நீள டப்பாவை எஞ்சின் மூடிக்குள் அடைக்க முடியாது. வயிற்றுக்கு அடியில் நீளவாட்டில் மாட்டினோம். நாலு கிலோ கூடிப்போச்சு. பைக் சைலன்சரில் திணிக்கிற பஞ்சு இந்தச் சூட்டில் நிற்காது, எரிந்து வெளியே பறந்துவிடும். அதனால் உள்ளே துளை போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் மட்டும். சூட்டில் அந்த டப்பாவே ஒரு சென்டிமீட்டர் வரை நீளும். இறுக்கிப் பற்றவைத்தால் விரிசல் விடும். எனவே ஒரு பக்கம் நழுவுகிற மாதிரி இணைப்பு. விரிசல் வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. கார்பன் மோனாக்சைடு விமானிக்குள் போனால் தூக்கம் போல வந்து ஆளையே கொண்டுபோகும். ஒவ்வொரு முறை பறக்கும் முன்னும் அங்கிள் டார்ச் அடித்துப் பார்க்கிறார். உள்ளே அலாரமும் உண்டு.

போன சனிக்கிழமை மறுபடி பறந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"புல்லட் சத்தம் போயிருச்சு. ஆனா ஃபேன் மாதிரி உய்யுனு ஒண்ணு கேக்குதே?"

அது புரொப்பெல்லர். அங்கிளிடம் போய்ச் சொன்னேன். பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.