எதிரணிக் கோச்சோடு பேசினால் துரோகமா?

கால்பந்தை விடாமல் பார்க்கிறவர்களிடம்கூட ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ஓர் அணியின் கோச் இன்னோர் அணியின் கோச்சிடம் உருப்படியான எதையும் சொல்லமாட்டார்; சொன்னால் அவர் ஏமாளி, இல்லாவிட்டால் விலைபோனவர். இருவரும் மோதவேண்டிய அணி ஒன்றே என்றாலும் இதே தீர்ப்புதான். பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் தோற்ற அணியின் பயிற்சியாளர், மாலையில் அதே வெற்றியாளரைச் சந்திக்கப்போகிற கோச்சோடு கால் மணி நேரம் நின்று பேசினால் போதும், "தோத்த வயித்தெரிச்சல்ல போட்டுக் குடுக்காரு பாரு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பேச்சு அந்தப் பயிற்சியாளருக்கு இழைக்கும் அநியாயம் ஒருபக்கம் இருக்கட்டும். தாமிரபரணிக் கரையின் கால்பந்தை அது வளரவிடாமல் வைத்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய புகார்.

முதலில், இங்கே யாருக்கு யார் எதிரணி என்று பார்க்கலாம். தூய சவேரியார் கல்லூரியும் தூய யோவான் கல்லூரியும் சதக்கத்துல்லா அப்பா கல்லூரியும் ஒரே பாளையங்கோட்டையில் இருக்கின்றன. மூன்றுமே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. 1990இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளும் வருகின்றன. கால்பந்தே மூச்சாக இருக்கும் தூத்தூர்க் கடற்கரையின் புனித யூதா கல்லூரியும் அதில் உண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இவர்கள் ஒருவரை ஒருவர் முட்டிச் சாய்ப்பார்கள். அது முடிந்ததும் இதே பையன்களிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகி, தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே எதிரே நிற்பது கோழிக்கோடு, கேரளா, கண்ணூர் போன்ற பல்கலைக்கழகங்கள். கோழிக்கோடு அகில இந்தியப் பட்டத்தைப் பலமுறை வென்ற அணி. மண்டலத்தில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால்தான் அகில இந்தியப் போட்டியை எட்டமுடியும். நேற்றுவரை தன் ஃபார்வர்டின் பலவீனத்தைப் பக்கத்துக் கல்லூரிக்காரர் கண்ணில் படாமல் பொத்திவைத்த உடற்கல்வி இயக்குநர், இன்று அந்த ஃபார்வர்டு வெளியூரில் சொதப்பாமல் இருக்கவேண்டும் என்று விரும்புகிறார். அந்தப் பலவீனத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவர், அவனை நான்கு முறை மடக்கிய பக்கத்துக் கல்லூரிக் கோச்சைவிட வேறு யார்?

மாவட்ட எல்லையை எடுத்துக்கொண்டால் இந்த எதிரி என்கிற பட்டம் இன்னும் வேடிக்கையானது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுவரை தென்காசிப் பையனும் பாளையங்கோட்டைப் பையனும் ஒரே மாவட்டச் சட்டைக்குப் போட்டியிட்டவர்கள். ஓர் அரசாணை வந்த பிறகு அவர்கள் எதிரணி. ஒரே பட்டியலை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர்கள், மறுவருடம் இருவருமே மோதவேண்டிய சென்னை அணியைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது துரோகம் என்றால், அந்தத் துரோகம் மைதானத்தில் பிறந்ததல்ல, வருவாய்த்துறைக் கோப்பில் பிறந்தது. கபடியிலும் இதே கதைதான். தாமிரபரணியின் கீழ்க்கரை ஊரான மணத்தியைச் சேர்ந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். எந்த இந்திய அணியும், அதற்குமுன் மாநிலத்துக்கு மாநிலம் மடக்கிக்கொண்டவர்களைக் கொண்டுதான் அமைகிறது. தேசிய முகாம் என்பதே முன்னாள் எதிரிகள் தங்கள் வித்தையை ஒருவருக்கொருவர் அவிழ்த்துக் காட்டும் இடம்.

சரி, அப்படி என்னதான் சொல்லிக்கொள்வார்கள்? ரகசியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் பெரிதாகக் கற்பனை செய்துவிடுகிறோம். உண்மையில் அது இப்படித்தான் இருக்கும்: "லெஃப்ட் பேக் மேலே ஏறினால் திரும்பி வர நேரமாகிறது. கார்னரில் முதல் போஸ்ட்டுக்கு ஓடுகிற எட்டாம் நம்பர் ஏமாற்று. பந்து பின்னால் நிற்கிற ஸ்டாப்பருக்குத்தான் போகும். கோல்கீப்பர் உயரப் பந்தைப் பிடித்துவிடுவான், இடதுபக்கம் தரையோடு வந்தால் தடுமாறுவான்." மைதானத்தைச் சுற்றி நின்ற ஐந்நூறு பேர் கண்ணெதிரே நடந்தவை இவை. பாதிப் பேர் கைபேசியில் பிடித்தும் வைத்திருப்பார்கள். இதைக் கேட்டுக்கொண்ட கோச் உடனே ஜெயித்துவிடப் போவதும் இல்லை. லெஃப்ட் பேக்கின் முதுகுக்குப் பின்னால் காலியிடம் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் என்ன பயன்? அந்த இடத்துக்குப் பந்து போடத் தெரிந்த ஒரு மிட்ஃபீல்டரும் அதைத் துரத்திப் பிடிக்கிற ஒரு விங்கரும் வேண்டும். அவர்களை உருவாக்க இரண்டு வருடம் ஆகும். அந்த இரண்டு வருட உழைப்பை யாரும் டீக்கடை வாசலில் தானமாகக் கொடுத்துவிட முடியாது. தகவல் எளிதில் கைமாறும், திறமை மாறாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த நம்பிக்கையின் அடிப்படைக் கோளாறு.

பெரிய கால்பந்தில் இதெல்லாம் நடக்காது, அங்கே கோடிக்கணக்கில் பணம் என்பார்கள். பணம் கொழிக்கும் இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்டு மைதானத்தில், வீரர்களின் பூட்ஸ் தொங்கும் ஒரு சின்ன அறை இருந்தது. பில் ஷாங்க்லி காலத்தில் பயிற்சியாளர்கள் கூடிப் பேச ஆரம்பித்த இடம் அது. ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் பயிற்சியாளர்களை அங்கே அழைத்து உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்துப் பேசுவார்கள். வந்தவர்கள் தாங்கள் சமீபத்தில் மோதிய அணிகளைப் பற்றி, கண்ணில் பட்ட இளம் வீரர்களைப் பற்றிப் பேசுவார்கள். லிவர்பூல்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அந்த அறையில் வளர்ந்த பாப் பெய்ஸ்லியும் ஜோ ஃபேகனும் அடுத்தடுத்து மேலாளர்களாகி, 1977 முதல் 1984 வரை நான்கு ஐரோப்பியக் கோப்பைகளைக் கிளப்புக்கு வென்று தந்தார்கள். அறையில் நடந்த பேச்சால்தான் கோப்பை வந்தது என்று சொல்லவரவில்லை, அது அசட்டுத்தனம். ஆனால் எதிரணியோடு பேசினால் குடி மூழ்கிவிடும் என்பவர்கள், அப்படிப் பேசிய ஒரு கிளப் அந்தக் காலத்தில் ஐரோப்பாவையே ஆண்டதற்கு ஏதாவது சமாதானம் சொல்லவேண்டும்.

இன்னொரு சாட்சி அர்ஜென்டினாவின் மார்செலோ பியெல்சா. 2019 ஜனவரியில் லீட்ஸ் அணியின் கோச்சாக இருந்தபோது, டெர்பி அணியின் பயிற்சியை வேவு பார்க்க ஆள் அனுப்பி மாட்டிக்கொண்டார். கிளப்புக்கு இரண்டு லட்சம் பவுண்டு அபராதம். அபராதம் வருவதற்கு முன்பே செய்தியாளர்களைக் கூட்டி, டெர்பி முந்தைய பருவத்தில் ஆடிய 51 ஆட்டங்களையும் தன் குழு அலசி வைத்திருப்பதைத் திரையில் போட்டுக் காட்டினார். அந்தச் சந்திப்பில்தான் பழைய கதை ஒன்றையும் சொன்னார். 2012 ஸ்பானிய கோப்பை இறுதியாட்டத்தில் தன் பில்பாவோ அணி பார்சிலோனாவிடம் 3-0 என்று தோற்றதும், பார்சிலோனாவைப் பற்றித் தான் தயாரித்த ஆய்வை அந்த அணியின் கோச் பெப் கார்டியோலாவுக்கே அனுப்பிவைத்தாராம். என்னைவிட என் அணியை உங்களுக்கு அதிகம் தெரிகிறது என்று கார்டியோலா வியந்தாராம். தெரிந்து என்ன பயன், மூன்று கோல் வாங்கினோமே என்பது பியெல்சாவின் பதில். டெர்பி கதையின் முடிவும் அப்படித்தான். உளவு பார்த்த அந்த ஆட்டத்தை லீட்ஸ் வென்றது. மே மாதம் பிளே-ஆஃப் அரையிறுதியில் அதே டெர்பி லீட்ஸை வெளியேற்றியது. 51 ஆட்டங்களை அலசியவரைக் காப்பாற்றாத தகவலை, அடுத்த கோச்சுக்குச் சொல்லிவிட்டால் உலகம் கவிழும் என்று நாம் ஏன் அஞ்சவேண்டும்?

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், வரவேண்டியதுதான். இன்று தகவல் பரிமாறுகிறவர்கள் நாளை முடிவையே பேசிவைத்துக்கொள்ள மாட்டார்களா? 1982 உலகக் கோப்பையில் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடிய ஆட்டத்தை யாரும் மறக்கவில்லை. ஜெர்மனி 1-0 என்று வென்றால் இருவரும் அடுத்த சுற்று, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் கோல் விழுந்தபின் இரு அணிகளும் மெத்தனமாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தன. அது கேவலம்தான். ஆனால் அந்தக் கேவலம் பேச்சில் இல்லை, ஆடவேண்டிய தொண்ணூறு நிமிடத்தை ஆடாமல் விட்டதில் இருக்கிறது. அதற்கு மருந்து, குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவது. 1986 முதல் அப்படித்தான் நடக்கிறது. வேவு பார்ப்பதும் வேறு சங்கதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து அணியின் பயிற்சிமேல் டிரோன் பறக்கவிட்ட கனடா மகளிர் அணிக்கு ஆறு புள்ளிகள் பறிபோயின, கோச்சுக்கு ஓராண்டுத் தடை. மூடிய கதவுக்குள் எட்டிப்பார்ப்பது திருட்டு. திறந்த மைதானத்தில் கண்டதைச் சொல்வது திருட்டாகாது. எல்லை எங்கே என்று கேட்டால் என் பதில் கறாரானது: ஆட்டத்தில் கண்டதைச் சொல்லலாம். பையனின் முழங்கால் வலி, வீட்டுக் கஷ்டம், ஒரு கோச்சை நம்பி அவன் சொன்ன எதுவும் வெளியே போகக்கூடாது. தன் பழைய மாணவன் இப்போது எதிரணியில் இருந்தாலும் அதே கட்டுப்பாடுதான்.

சுயநலத்துக்காகத் தவறான யோசனை சொல்லிக் கவிழ்த்துவிட மாட்டார்களா என்பது அடுத்த சந்தேகம். ஒருமுறை செய்யலாம். வருடாவருடம் அதே பத்துப் பதினைந்து பயிற்சியாளர்கள் அதே மைதானங்களில் முகம் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன வட்டத்தில், பொய் சொன்னவரை அடுத்த வருடம் யாரும் நம்பமாட்டார்கள். கேட்கிறவரும் குழந்தையல்ல, பத்து நிமிடம் ஆட்டத்தைப் பார்த்தால் சொன்னது நிஜமா என்று தெரிந்துவிடும். அதோடு நாக்-அவுட் போட்டியில் ஒரு வினோதம் உண்டு. வென்ற அணியைப் பற்றி அன்றைக்கு மிக நன்றாகத் தெரிந்தவர், அதனிடம் தோற்றவர்தான். அவர் மூட்டை கட்டி பஸ் ஏறும்போது அந்த அறிவும் ஏறிப் போய்விடுகிறது. வென்றவருக்கு இது அநியாயம் என்றால், அவரும் எதிர்ப்பக்கம் தோற்ற கோச்சைக் கேட்டுக்கொள்ளட்டும். கதவு இருபக்கமும் திறந்ததுதான். இரண்டு பக்கமும் விவரம் தெரிந்து ஆடினால் இறுதியாட்டம் நன்றாக இருக்கும். யாரும் எதுவும் தெரியாமல் முட்டிக்கொள்வதைப் பார்ப்பதைவிட அது மேல்.

இத்தனை இருந்தும் இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? கோச்சை நாம் அளக்கும் கோல் அப்படி. நிர்வாகத்துக்கு அலமாரியில் வைக்க ஒரு சுழற்கோப்பை வேண்டும். பழைய மாணவர்களுக்குப் பக்கத்துக் கல்லூரியை அடித்தோம் என்ற பெருமை வேண்டும். தன் கையில் வளர்ந்தவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழகச் சட்டை போட்டார்கள், எத்தனை பேர் மாநில அணி வாசலை மிதித்தார்கள் என்று அந்தக் கோச்சிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால், பக்கத்துக் கோச்சிடம் பேசுவது அவருடைய வேலையின் ஒரு பகுதி என்பது தானே விளங்கிவிடும்.

பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டம் முடிந்த மறுநாள், பங்கேற்ற எல்லா அணிகளின் பயிற்சியாளர்களையும் ஓர் அறையில் உட்காரவையுங்கள். யார் யாரை எப்படி மடக்கினார்கள் என்று வெளிப்படையாகப் பேசட்டும். தேர்வான பையன்களும் கூட இருந்து கேட்கட்டும். தென்மண்டலத்துக்கு அணியை அனுப்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.