மறுபடியும் போய் வாம்மா

அன்புள்ள வாசகர்களுக்கு,

மார்கழி பிறந்துவிட்டால் உங்கள் கடிதங்களின் மணமே மாறிவிடும். வாசல் கோலம், பஜனைக் கோஷ்டி, பாலாற்றங்கரைப் பனி, பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் என்று எழுதுவீர்கள். அவற்றுக்கிடையே வந்த ஒரு கடிதத்தை மட்டும் கோப்பில் சேர்க்க மனமில்லாமல் மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

எழுதியவர் ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் இரண்டாமாண்டு மாணவி. அம்மா ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறார். அப்பாவுக்குத் தோல் கம்பெனியில், தோலைப் பதப்படுத்தும் டிரம் பக்கம் வேலை. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் அவர் கேட்டிருக்கும் கேள்விக்கு மட்டும் உங்கள் எல்லோர் முன்பாகவும் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவரும் சரி என்றார்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதல்லவா, அதில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்திருக்கிறார். தோழிகள் இரண்டு பேரும் அப்படியே. பொங்கலுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூவரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு ஆம்பூரில் ரயில் ஏறினார்கள். சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம் தள்ளி எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகம். மதியத்துக்கு மேல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. மூவருமே சென்னைக்கு முன்பு போயிருக்கிறார்கள். ஆனால் அது உறவினர் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும். பார்ப்பதற்காகவே போனது இதுதான் முதல் தடவை.

அருங்காட்சியகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். 1851-இல் தொடங்கிய அந்த இடத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறார். நாம் வழக்கமாகப் பார்க்கும் நடராசரைச் சுற்றி நெருப்பு வளையமாகத் திருவாசி இருக்கும். இந்தத் திருமேனிக்கு அது இல்லை. “வளையம் இல்லாததால தூக்கின காலோட வீச்சு தனியாத் தெரியுது சார். கீழே முயலகன் முதுகுல ஊன்றின காலைப் பார்த்தா, அதுலதான் மொத்த எடையும் இருக்குன்னு புரியுது” என்று எழுதுகிறார். பாடப்புத்தகத்தில் இருக்கும் வரியல்ல இது. குனிந்து, சுற்றிவந்து, தன் கண்ணால் பார்த்தவர் எழுதிய வரி.

இந்தத் திருமேனியின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோடான், சிவனின் ஆட்டத்தைப் பற்றி மனம் உருகி எழுதினார். அந்தக் கட்டுரை அவர் இறந்த பிறகு 1921-இல் அச்சானது. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. புகைப்படத்தோடு நிறைவடைய வேண்டியிருந்தது அவருக்கு. ஆம்பூர்ப் பக்கத்துப் பெண் நேரிலேயே பார்த்துவிட்டார். அதை நினைத்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

இனி, திரும்பி வந்த கதை.

ஞாயிறு மாலை சென்ட்ரலிலிருந்து மேற்கே புறப்படும் ரயில்களின் நெரிசல் நம் வாசகர்களில் பலருக்குத் தெரியும். பெங்களூரு வேலைக்குத் திரும்புகிறவர்கள், காட்பாடியில் இறங்கும் கல்லூரிப் பிள்ளைகள், வேலூர் சி.எம்.சி.க்குப் போகும் நோயாளிகளும் துணைக்கு வருபவர்களும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுவார்கள். ஜெனரல் பெட்டியில் கதவோரம் மூவருக்கும் நிற்க இடம் கிடைத்தது. வண்டி தாமதமாகக் கிளம்பி, திருவள்ளூர் தாண்டியதும் ஊர்ந்து, பிறகு ஓரிடத்தில் நின்றேவிட்டது. அரை மணி, ஒரு மணி என்று நேரம் போய்க்கொண்டே இருந்தது. சிக்னல் இல்லை என்றார் ஒருவர், முன்னால் ஏதோ பழுது என்றார் இன்னொருவர். வெளியே இருட்டு. மாணவியின் கைப்பேசி சார்ஜ் கடைசிக் கோட்டுக்கு வந்து அணைந்தது. மற்ற இருவருடையதும் அதற்கு முன்பே அணைந்திருந்தது.

பெட்டிக்குள் இருந்த குடியாத்தத்து மூதாட்டி ஒருவர், “இன்னா கண்ணு, அழுவுறியா?” என்று கேட்டு, மடியிலிருந்த சின்ன போனை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கையிலிருந்த வேர்க்கடலையையும் பங்கு வைத்திருக்கிறார். ஆனால் அப்பாவின் எண் மனப்பாடமாக இல்லை. அம்மாவின் எண் தெரியும், அம்மா போனை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் தோழி ஒருத்தி கதவு வழியாக எட்டிப் பார்த்து, தூரத்து விளக்கில் தெரிந்த மஞ்சள் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். திருவாலங்காடு. காலையில் பார்த்த நடராசரின் ஊர். “பயத்துலயும் சிரிச்சிட்டோம் சார்” என்கிறார்.

ஆம்பூரில் இறங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. சுற்றுக் கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ்கள் எப்போதோ ஓய்ந்துபோயிருந்தன. அப்பா இரவு ஒன்பது மணியிலிருந்து ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நின்றிருந்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாராம்: “இனிமே மெட்ராஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

மாணவியின் கேள்வி இது: “ரயில் லேட்டானா நான் என்ன சார் பண்ணுவேன்? நான் போனது தப்பா?”

இல்லையம்மா. தப்பே இல்லை.

உன் அப்பாவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. டிரம் பக்கம் வேலை என்பது பகல் முழுக்க ஈரத்திலும் மருந்து நெடியிலும் நின்று செய்யும் வேலை. அந்த உடம்போடு பனியில் நின்றவர், அணைந்துபோன போனுக்கு எத்தனை முறை அடித்திருப்பார்! யாரைக் கேட்பது என்றும் அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் சொன்ன வார்த்தையை அந்த இரவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தை நிலைத்துவிடக் கூடாது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

நம் பக்கத்தில் ஒரு ரயில் தாமதமானால், அதன் கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பையன் நள்ளிரவில் வந்து இறங்கினால் மறுநாள் டீக்கடையில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைக்கிறது. அதே ரயிலில் வந்த பெண்ணுக்கு அடுத்த பயணம் கிடைப்பதில்லை. அவளுக்கு மட்டுமல்ல, தங்கைக்கும் சேர்த்தே கதவு சாத்தப்படுகிறது. “அக்கா போய்ப் பட்டது போதாதா?” என்ற ஒரு கேள்வி போதும். எத்தனை வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறோம்.

இத்தனைக்கும், 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்ற இடம் நம் வாலாஜா ரோடுதான். நாடு முழுக்கப் பார்த்தாலும் மிகப் பழைய தடங்களில் ஒன்றின் மேல் நாம் வாழ்கிறோம். 1864-இல் தடம் பெங்களூரைத் தொட்டது. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடியில் பதப்படுத்திய தோல் சென்னைக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறியது. சென்ட்ரலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பெரியமேட்டில் இன்றும் தோல் மண்டிகள் இருக்கின்றன. வருடந்தோறும் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம் வாக்கில் நந்தம்பாக்கத்தில் தோல் கண்காட்சி நடக்கும்போது நம் ஊர் ஆண்கள் திரள் திரளாகப் போய் வருகிறார்கள். எந்த நேரத்தில் திரும்பினாலும் யாரும் கேட்பதில்லை, அது தொழில். உன் அம்மா சொல்யூஷன் வாசனைக்கு நடுவே குனிந்து தைக்கும் அப்பர், ஷூவாகி ஐரோப்பாவின் கடைத்தெரு வரைக்கும் போகிறது. நம் ஊர்த் தோலுக்கும் ஷூவுக்கும் இத்தனை தூரம் வழி திறந்திருக்கும்போது, அவற்றைச் செய்யும் வீட்டுப் பெண் நூற்று எண்பது கிலோமீட்டர் போய்ப் புத்தகம் வாங்கி வரக் கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ரயில் சிக்கிக்கொள்வது நம் தடத்தில் புதிதும் அல்ல, யாருடைய ஒழுக்கத்தையும் சார்ந்ததும் அல்ல. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது நினைவிருக்கும். பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உள்பட ஒன்பது பேரை இழந்தோம். சித்தூர்ப் பக்கமிருந்து வந்து பாலாற்றில் சேரும் பொன்னையாறும் அந்தப் பருவத்தில் வெள்ளத்தோடு ஓடியது. டிசம்பர் 23 அன்று முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவே பொன்னையாற்று ரயில் பாலத்தில் சேதம் தெரியவந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு! அடுத்தடுத்த நாள்களில் பல ரயில்கள் ரத்தாயின. சென்னை விடுதிகளில் பையைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேலூர், ஆம்பூர்ப் பிள்ளைகள் கடைசியில் கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள். கைக்குழந்தைக்காரர்களும் முதியவர்களும் பேருந்துப் படிக்கட்டில் முட்டி மோதினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஞாயிறு இரவெல்லாம் மழை. திங்கட்கிழமை, 4-ஆம் தேதி, பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள பாலத்தில் தண்ணீர் ஏறியது. சென்ட்ரலிலிருந்து நம் பக்கம் வர வேண்டிய ரயில்கள் நின்றுபோயின. அன்று சிக்கியவர்களில் ஆண், பெண், படித்தவர், பாமரர் எல்லோரும்தான் இருந்தார்கள். பாலம் பழுதானால் பாலத்தைச் சரிசெய்கிறோம். பிள்ளையின் பயணத்தை ஏன் நிறுத்துகிறோம்?

ரயில்வே அதிகாரிகள் கண்ணில் இந்தப் பக்கம் பட்டால், அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் வேண்டுகிறேன். இருட்டில் நிற்கும் பெட்டிக்குள் காரணத்தையும், இன்னும் எவ்வளவு நேரம் என்பதையும் சொல்லுங்கள். முன்பதிவு செய்தவர்களுக்குக் கைப்பேசியில் ஏதோ ஒரு தகவல் வந்துவிடுகிறது. ஜெனரல் பெட்டியில் கூலிக்காரரும் மாணவரும் நிற்கிறார்கள், அவர்களுக்கு அதுவும் இல்லை.

கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலூரிலும் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும் வேலூர் ஊரீசு கல்லூரி அதற்கும் முன்பு 1898-இலும் தொடங்கியவை. ஆண்டுக்கொரு முறை கொடைக்கானலுக்கும் மைசூருக்கும் பேருந்து எடுக்கிறோம். புத்தகக் காட்சிக்கும் அருங்காட்சியகத்துக்கும் எடுத்தால் என்ன? ஒரு பேராசிரியை கூடப் போனால் எத்தனையோ அப்பாக்கள் மறுப்பே சொல்லமாட்டார்கள்.

உனக்கும் கொஞ்சம் சொல்கிறேன். வீட்டு எண்கள் இரண்டையும் மனப்பாடம் செய்துகொள், துண்டுத் தாளில் எழுதிப் பையிலும் வை. மூன்று பேரில் ஒருவருடைய போன் பகல் முழுக்க அணைந்தே இருக்கட்டும், மாலை கிளம்பும்போது அதைத் திறந்தால் போதும். 139-க்கு அடித்தால் ரயில் விவரம் கேட்கலாம், உதவியும் கேட்கலாம். ரொம்பவும் தாமதமானால் காட்பாடியில் இறங்குவது நல்லது. பெரிய ஸ்டேஷன், இரவிலும் ஆள் நடமாட்டம் உண்டு, அப்பாவை அங்கே வரச்சொல்லலாம். அதைவிட முக்கியம், தாமதமானால் என்ன செய்வது என்பதைக் கிளம்பும் முன்பே அப்பாவோடு உட்கார்ந்து பேசிவிடு. ஒன்பது மணிக்கு வரவில்லையென்றால் இன்னது, பதினொன்றுக்கும் வரவில்லையென்றால் இன்னது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அன்றைய இரவு இருவருக்குமே வேறு மாதிரி கழிந்திருக்கும்.

தோழிகளோடு போவதை விட்டுவிடாதே. இன்னொரு முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. வாரம் ஆறு நாள் தையல் மெஷின் முன்னால் உட்காருபவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வேண்டும். நடராசரின் ஊன்றிய காலைப் பற்றி நீ எழுதியதை அவருக்கு நேரில் காட்டிச் சொல். அதே திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த முதலாம் ராசேந்திர சோழனின் செப்பேடுகளும் அந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானவை. அவற்றைப் பற்றி நீ எழுதவில்லை, பார்க்க விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். போகும்போது விசாரித்துப் பார். காலையிலேயே போனால் கூட்டம் குறைவு, மதியமே ரயில் ஏறிவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

மற்ற வாசகர்களும் இந்தத் தடத்தில் பட்ட இரவுகளைப் பற்றி எழுதுங்கள். குறிப்பாக, அப்படி ஒரு இரவுக்குப் பிறகும் மகளை மறுபடி அனுப்பிய அப்பாக்களும் அம்மாக்களும் எழுத வேண்டும். பொங்கல் இதழில் இரண்டு பக்கம் அதற்காக ஒதுக்கிவைத்திருக்கிறேன். அந்த இதழ் இந்த மாணவியின் வீட்டுக்கும் போகும். முகவரியில் அப்பாவின் பெயரைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்