சராசரியை நம்பலாமா?

வேதிப் பொறியியல் பயிலும் நாங்கள் தேர்வுத் தாளில் ஓயாமல் எழுதுகின்ற ஒரு சிறு வகுத்தல் கணக்கைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். பிற துறை அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது நாம் எல்லோரும் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய பேச்சு.

குளோரின் கலந்த நீர், ஊருக்குள் போகுமுன் ஒரு தொட்டியில் சற்று நேரம் தங்கவேண்டும். குளோரினின் அளவும், அது கிருமியோடு கூடியிருக்கும் நேரமும் சேர்ந்தே கிருமியைக் கொல்கின்றன. தொட்டியின் கொள்ளளவு 60,000 லிட்டர். நிமிடத்திற்கு 1,000 லிட்டர் பாய்கிறது. ஆகவே நீர் 60 நிமிடம் தங்குகிறது என்று எழுதுகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால், எந்த நீர் 60 நிமிடம் தங்குகிறது?

தொட்டி நீர் முழுவதும் நன்றாகக் கலந்துகொண்டே இருப்பதாகக் கொள்வோம். ஒரே கணத்தில் உள்ளே புகுந்த நீரில் நூற்றுக்கு ஒன்பதரைப் பங்கு 6 நிமிடத்திற்குள் வெளியேறிவிடும். 60 நிமிடம் முடிவதற்குள் 63 பங்கு போய்விடும். மூன்று மணி நேரம் கழிந்த பின்னும் 5 பங்கு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சராசரி மட்டும் 60 நிமிடமாகவே நிற்கும்! மூன்று மணி நேரம் தங்கிய நீர் எத்துணைத் தூய்மையாயினும், ஆறு நிமிடத்தில் ஓடிவந்த நீரைக் குடித்த குழந்தைக்கு அதனால் என்ன பயன்?

இதை ஒழுங்குபட ஆராயும் வழியை 1953-இல் வகுத்துத் தந்தவர் டாங்க்வெர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர். (1940-இல் இலண்டனில் விழுந்த பாராசூட் கண்ணிகளைச் செயலிழக்கச் செய்து ஜார்ஜ் சிலுவை பெற்றவர் இவர், நிமிடத்தின் விலையை நன்கறிந்தவர்!) அவர் காட்டிய வழி மிக எளிது. நுழைவாயிலில் சிறிது உப்பையோ சாயத்தையோ சட்டென்று விட்டு, வெளிவாயிலில் அது எப்பொழுது, எவ்வளவு வருகிறது என்று அளந்து கோடு வரையவேண்டும். அந்தக் கோடே தங்கு நேரப் பரவல். முன்கூட்டியே கோடு எழும்பினால், நீர் குறுக்கு வழியில் ஓடுகிறது. கோட்டிலிருந்து கணித்த சராசரி 60-க்குப் பதில் 45 என வந்தால், தொட்டியில் கால் பங்கு தேங்கிய மூலையாய் வீணே கிடக்கிறது என்று ஐயுறலாம்.

இன்று கணிப்பொறி இருக்க, உப்பு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நீரோட்டத்தை வண்ண வண்ணப் படமாக அது வரைந்து தருகிறது, கண்ணுக்கு விருந்துதான். ஆயினும், அளந்த கோட்டோடு ஒத்துப் பார்க்காத படத்தை நான் சான்றாக ஏற்கமாட்டேன். நாம் கொடுத்த அனுமானத்தைத்தானே அது நமக்குத் திருப்பித் தருகிறது?

கோடும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பது உண்மையே. ஒரு கலக்குத் தொட்டிக்குப் பின் நீண்ட குழாய் வைத்தாலும், குழாய்க்குப் பின் தொட்டி வைத்தாலும் கோடு ஒன்றே. ஆனால் சில வினைகளின் விளைவு வேறாகும். ஓட்டம் உள்ளே எப்படி நடக்கிறது என்றறியப் படம் உதவட்டும். எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதை உப்பு சொல்லட்டும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு முகமை, நூற்றுக்குப் பத்துப் பங்கு வெளியேற ஆகும் நேரத்தையே கணக்கில் கொள்கிறது. அதன் அளவீட்டில், தடுப்புச் சுவரற்ற 60 நிமிடத் தொட்டிக்கு 6 நிமிடமே மதிப்பு. சுவர்களை நன்கு அமைத்தால் 42 நிமிடம். தொட்டி அதே தொட்டி!

நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய தொட்டி, கொஞ்சம் உப்பு, மின்கடத்தும் திறனை அளக்கும் கருவி, ஒரு கடிகாரம் இருந்தால் அரை நாளில் இதைச் செய்து பார்க்கலாம். வரும் பருவத்தில் ஆய்வேடு எழுத இருப்போர் படம் வரையுமுன் இதைத் தொடங்க வேண்டுகிறேன். ஒன்று மட்டும்: உப்பை மிகுதியாகக் கரைத்துவிடாதீர்கள். கனத்த உப்பு நீர் அடியில் படிந்து தன் வழியே ஊர்ந்து செல்லும். கோடு உப்பின் கதையைச் சொல்லுமே தவிர, நீரின் கதையைச் சொல்லாது.