முகாமையும் தலைமையும்

எந்த நிறுவனம் பயிற்சிப் பட்டறை நடத்தினாலும் இரண்டு சொற்கள் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ஒன்று தலைமைத்துவம், மற்றது முகாமைத்துவம். இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல ஒரே நாளில் போதித்து, ஒரே சான்றிதழில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். முகாமைத்துவப் பயிற்சி என்று அறிவித்தல் ஒட்டியபோது, முகாம் நடத்துவது பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று எண்ணி வந்தமர்ந்த பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. வருடக்கணக்காக முகாமில் கிடந்த ஒருவருக்கு முகாமை என்றால் என்னவென்று எந்த வளவாளரையும் விட நன்றாகத் தெரியும்.

முகாமை தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கியபோதும், 2009 இல் வன்னியிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்தபோதும், யாரோ ஒருவர் கொப்பியும் பேனையுமாக எழுந்து நிற்க வேண்டியிருந்தது. எத்தனை குடும்பம், எத்தனை கைக்குழந்தை, தண்ணீர்ப் பவுசர் எத்தனை மணிக்கு வரும், நேற்று அரிசி கிடைக்காமற் போனவர் யார் என்று ஒருவர் கணக்கு வைத்திராவிட்டால் பலமுள்ளவன் எடுப்பான், மெலிந்தவன் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தக் கணக்கை நேர்மையாக வைத்திருந்தவர்களுக்கு எமது மக்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவது ஊருக்குத் திரும்பிய பிறகுதான். முகாமிலே பட்டியல் வைத்திருந்தவரே கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் தலைவர், கமக்காரர் அமைப்புக்கும் தலைவர், சில இடங்களில் கோயிற் சபைக்கும் தலைவர். அவருக்கு உத்தியோகத்தர்களைத் தெரியும், படிவம் நிரப்பத் தெரியும், இரண்டு வார்த்தை சிங்களமும் தெரியும். ஆகவே கையை உயர்த்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவரும் தமக்குப் பழக்கமான முறையிலேயே ஊரை நடத்துகிறார். பெயர் கூப்பிடுகிறார், கையொப்பம் வாங்குகிறார், பகிர்ந்து கொடுக்கிறார். வரிசையில் நின்று பழகிய நாமும் வரிசையில் நிற்கிறோம்.

மீள்குடியேற்றத்தின்போது வாய்க்கால் துப்புரவாக்கும் வேலைகள் நாட்கூலிக்கு நடைபெற்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கூலி பல அடுப்புகளை எரியவைத்தது, அதைக் குறை சொல்வது நியாயமல்ல. ஆனால் வேலை எங்கே நன்றாக நடந்தது? மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் இடத்தில், வீதியோரத்தில். உள்ளே போகப் போகப் புல்லும் நாணலும் அப்படியே நின்றன. திட்டம் முடிந்து கூலி நின்றதும் வாய்க்காலும் தூர்ந்தது. ‘சனம் சோம்பேறியாகிவிட்டது, நிவாரணத்துக்குப் பழகிவிட்டது’ என்று கூட்டங்களில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். இதை நான் ஏற்பதில்லை. அதே சனம் கூலியில்லாமல் இரவோடிரவாகத் தன் வளவுக்கு வேலியடைக்கிறது, செத்த வீட்டுக்குப் பந்தல் போடுகிறது. வாய்க்கால் வேலையை ஒருவர் எங்களிடம் செய்வித்தாரே தவிர, அது எங்கள் வேலை என்ற எண்ணத்தை எங்களிடம் உண்டாக்கவில்லை. ஆளைக் கொண்டு வேலையை முடிப்பது ஒன்று. அந்த ஆள் இல்லாத நாளிலும் நடக்கும்படி வேலையை மக்களிடம் விட்டுப்போவது வேறொன்று. தலைமை என்ற சொல்லை நான் இந்த இரண்டாவதற்கே வைத்திருக்கிறேன்.

இது வெறும் ஆசை வார்த்தையல்ல, எமது நாட்டிலேயே நடந்து காட்டிய காரியம் என்பதற்குக் கல்லோயாவைச் சொல்லலாம். கல்லோயா என்றதும் எமது மக்களின் நெஞ்சில் முதலில் எழுவது 1956 இல் அங்கே தமிழர் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்ட நினைவுதான். அது மறக்கக்கூடியதல்ல. ஆயினும் அதே திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்களில் பின்னாளில் நடந்ததையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

1980 ஆம் ஆண்டளவில் இடதுகரை மிகவும் சீர்குலைந்திருந்தது. கதவுகள் உடைந்து கிடந்தன. தலைமடைக்காரர் தேவைக்கு மேல் நீர் எடுத்தார்கள், கடைமடைக்குப் பல போகங்களில் நீர் எட்டவேயில்லை. தலைமடையில் இருந்தோர் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைமடையில் இருந்தோர் பெரும்பாலும் தமிழ் பேசும் மக்கள். கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1981 மார்ச்சில் முப்பது பேரளவிலான இளம் பட்டதாரிகளை ஒழுங்கமைப்பாளர்களாக அங்கே அனுப்பின. அவர்கள் போன கையோடு கூட்டம் கூட்டித் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெரிவு செய்யவில்லை. அங்கேயே தங்கி வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். வயல் வாய்க்கால் ஒன்றில் நீர் எடுக்கும் பத்து, இருபது பேர் சேர்ந்து முதலில் ஏதாவது ஒரு வேலையைச் செய்தார்கள். வாய்க்கால் வெட்டினார்கள், அல்லது முறை வைத்து நீர் விட்டார்கள். வேலை முதலில், அமைப்பு பிறகு.

வேலை செய்து ஒருவரையொருவர் கண்டறிந்த பின்னரே பிரதிநிதியைத் தெரிவு செய்தார்கள். அதற்கும் வாக்கெடுப்பு இல்லை. எங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று முதலில் பேசினார்கள், பிறகு யார் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசினார்கள். வாக்கெடுத்தால் தோற்ற பக்கம் ஒன்று உருவாகும், அந்தப் பக்கத்துக்கு ஒரு கட்சியும் வந்து சேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். எமக்குந்தான் தெரியும். பிரதிநிதிக்குச் சம்பளமும் கிடையாது.

அந்த 1981 ஒரு வரட்சி ஆண்டு. சேனநாயக்க சமுத்திரத்தில் ஏறத்தாழக் கால்வாசி நீரே இருந்தது. சாதாரணமாக மண்வெட்டிக் காம்புகள் தலைகளில் விழும் காலம் அது. அவ்வேளையில் தலைமடைக் குழுக்கள் சில, தங்களுக்குரிய நீரிலேயே மிச்சம் பிடித்துக் கீழே இருந்தவர்களுக்கு விட்டன. பொறியியலாளர் கட்டளையிட்டு நடந்த காரியமல்ல இது. கட்டளையால் கதவைப் பூட்டலாம், பூட்டிய கதவை இரவில் உடைக்காமல் விடும் மனத்தை உண்டாக்க முடியாது. இத்திட்டத்தில் ஈடுபட்ட நோர்மன் அப்ஹொஃப் என்ற கோர்னெல் பேராசிரியர் 1992 இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்.

எனக்கு இவற்றையெல்லாம் விட முக்கியமாகப் படுவது பின்னர் நடந்ததுதான். ஒழுங்கமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் ஆசிரியர் வேலைக்கும் வேறு அரசாங்க வேலைகளுக்கும் போய்விட்டார்கள். 1985 இல் வெளிநாட்டு நிதியும் முடிந்தது. எமது அனுபவத்தின்படி எல்லாமே அத்தோடு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. 1997 சிறுபோகத்தில், இடதுகரையின் 65,000 ஏக்கருக்கும் நெல் விதைக்க நீர் போதாது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கூறியது. விவசாயிகள் தங்கள் அமைப்புகள் வழியாகப் பேசி, முழுப் பரப்பையும் விதைத்து, நீரை மேலும் கீழும் பகிர்ந்து, வழமையிலும் நல்ல விளைச்சலை எடுத்தார்கள். அந்த 1997 எத்தகைய யுத்த காலம் என்பது வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. அந்தக் காலத்திலும் சிங்களத் தலைமடையிலிருந்து தமிழ் பேசும் கடைமடைக்கு நீர் போயிற்று.

இவ்வளவுக்கும் கல்லோயாவரை போக வேண்டுமா, எங்கள் வட்டவிதானை இல்லையா என்று வயதானவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1958 இன் நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை ஒழித்துவிட்டாலும் பெயர் இன்னும் எமது வாய்களில் இருக்கிறது. நல்ல வட்டவிதானை ஒருவரின் வயலும் அதே குளத்தின் கீழ்தான் இருந்தது. அவருடைய கூலியும் விளைந்த நெல்லிலிருந்துதான் வந்தது, கடைமடை காய்ந்தால் அவருடைய மூட்டையிலும் குறையும். எல்லா விதானைமாரும் அப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தன் வயலுக்கும் தன் இனசனத்தின் வயலுக்கும் பாய்ந்த பிறகே மற்றவனுக்குத் துருசு திறந்தவர்களும் இருந்தார்கள், சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் குளக்கட்டில் அவர் கால்படாத நாள் இல்லை. இன்றுள்ள கமக்காரர் அமைப்புத் தலைவர்களில் சிலரைக் கமநல சேவை நிலையத்தில் காணலாம், பிரதேச செயலகத்தில் காணலாம். வாய்க்காலின் கடைசியில் காண்பது அருமை.

கல்லோயா விவசாயிகளுக்குக் காணி இருந்தது, அயலும் குலையாமல் இருந்தது, எங்களுக்கோ பக்கத்து வயற்காரன் எங்கே என்றே தெரியாது என்று ஒருவர் மறுத்துரைக்கலாம். உண்மை. இரணைமடுவின் கீழும் கட்டுக்கரைக் குளத்தின் கீழும் தலைமுறையாகச் செய்தவர்கள் சிதறி, திரும்பியவர் பாதி, வெளிநாடு போனவர் பாதி, காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் புதியவர் சிலர் என்று இருக்கிறார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் தலைமை முளைக்கக் கூடுதலான காலம் வேண்டும். ஆனால் உதவி நிறுவனங்களோ மூன்று மாதத் திட்டத்தோடு வந்து, வெள்ளிக்கிழமைக்குள் குழுவைத் தெரிவு செய்து பெயர்ப்பட்டியலைத் தாருங்கள் என்கின்றன. திருச்சபையின் நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கக்கூடியவர் பட்டியல்காரர் மட்டுமே.

அப்படியானால் அவரை என்ன செய்வது? விலக்கிவிடச் சொல்லவில்லை. கணக்குக் கொப்பி இல்லாத நல்ல மனிதர்களால் கவிழ்ந்த சங்கங்களும் உண்டு. அவரைச் செயலாளராகவோ பொருளாளராகவோ வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை கணக்கை உரத்து வாசிக்கச் செய்யுங்கள். தலைவரை மட்டும் அவசரப்பட்டுத் தெரிவு செய்யாதீர்கள். ஒரு காலபோகம் வேலை செய்து பார்த்து, யார் சொன்னதும் மற்றவர்கள் மண்வெட்டியோடு வருகிறார்கள் என்று கவனித்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னுமொன்று. யுத்தத்துக்குப் பின் எமது வாய்க்கால்களில் கணவனை இழந்த, கணவன் காணாமற்போன பெண்கள் பலர் தாமே கமம் செய்கிறார்கள். அவர்களுடைய நீர்முறை பல இடங்களில் நடுச்சாமத்தில் விழுகிறது. அந்நேரம் ஒரு பெண் தனியே போய் மடை திருப்புவது எப்படி? திருப்பினாலும் அவள் வீடு வந்து சேருமுன் மேலேயுள்ளவர் மறித்துவிடுகிறார். கூட்டத்தில் இதைச் சொல்ல அவள் எழுந்தால், ‘முறை என்றால் முறைதான் அக்கா, பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது’ என்கிறார் தலைவர். பட்டியலில் பிழையில்லைத்தான். அடுத்த காலபோகக் கூட்டத்தைக் குளக்கட்டிலோ பொது மண்டபத்திலோ வைக்காமல் வாய்க்காலின் கடைசி வயலில் வையுங்கள். அந்தப் பெண்களை முதலில் பேச விடுங்கள். இரவு முறையைத் தான் எடுத்துக்கொண்டு பகல் முறையை அவளுக்குக் கொடுக்க யார் முன்வருகிறார் என்று பாருங்கள். அவர் படிவம் நிரப்பத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, அதற்குச் செயலாளர் இருக்கிறார்.