எடைக்குப் போட்ட குரல்கள்

“இசைத்தட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, இனித் தட்டு எதற்கு?” என்று கேட்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. புவனகிரியில் ஒரு மைக்செட்காரர் வீட்டுப் பரணில் இருந்த தட்டுகளுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டிப் பாடவைத்த தட்டுகள். பிள்ளைகள் அத்தனையையும் சுண்டுவிரல் நீளப் பென்டிரைவில் அடக்கிவிட்டு, தட்டுகளைப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டார்கள். அதில் பெருமை வேறு. இதை முன்னேற்றம் என்று நான் ஒப்ப மாட்டேன்.

பிரதி எடுப்பதே பாவம் என்கிற கட்சி அல்ல நான். ‘ஊசியின் கரகரப்பில்தான் ஐயா உயிர் இருக்கிறது’ என்று சொல்லித் தட்டை அலமாரியில் பூட்டி வைக்கிறாரே, அவரும் எனக்கு எதிர்க்கட்சிதான். பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். ஊசி ஓடும் ஒவ்வொரு தடவையும் அதன் வரிப்பள்ளம் தேயும். கிட்டப்பா 1933-இல், இருபத்தேழு வயதில், போய்விட்டார். அந்தக் குரலை இனி யாரும் புதிதாகப் பதிய முடியாது. ஆகவே பிரதி எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால், எப்படி எடுக்கிறார்கள்? நிமிஷத்துக்கு 78 சுற்று என்று பெயரே தவிர, ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிந்தவை அல்ல. 74 சுற்றில் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். நிதானமாகப் பாடியவர் அவசரக்காரராகிவிடுவார். பின்னால் வந்த எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசியை இந்த அகலமான பள்ளத்தில் வைத்தால், அது அடியில் கிடந்து குப்பையைத்தான் பொறுக்கும். அப்புறம், கரகரப்பை நீக்குகிறேன் என்று குரலின் மேல்நாதத்தையும் பிடிலின் நயத்தையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். மிஞ்சியதை எம்.பி.3 என்று நசுக்குகிறார்கள்; அப்போது உதறிய ஒலி திரும்பி வராது. இத்தனைக்கும் பிறகு மூலத்தையும் தொலைத்துவிட்டால், நாளைக்கு விஷயம் தெரிந்தவன் ஒருவன் வந்து திருத்தி எடுப்பது எதிலிருந்து?

பெயர் போவது இதைவிடக் கொடுமை. தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்தில் பாடியவர், பாட்டின் முதலடி, கம்பெனி, எண் எல்லாம் இருக்கும். பல தட்டுகளில் ராகமும் தாளமும்கூட. கோப்பிலோ ‘பழைய பாட்டு 17’! சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனில் வாழ்ந்த மாரிமுத்தாப் பிள்ளையின் கீர்த்தனங்களில் நமக்குக் கிடைத்தவை சொற்பமே. போற்றாமல் விட்டது என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரத்துக்கு வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அச்சாகிவிட்டதே என்று ஏட்டை அடுப்பில் வைத்தாரா? அவர் சேர்த்த சுவடிகள், சென்னையில் அவர் பெயரால் 1943-இல் ஏற்பட்ட நூல்நிலையத்தில் இன்றும் இருக்கின்றன. ஆடிப்பெருக்கில் ஏட்டை ஆற்றோடு விட்டவர்களைப் பற்றிப் படித்துவிட்டு, ‘அட, மூடர்களே!’ என்கிறோம். நாமோ வெள்ளாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு குரல்களை எடைக்குப் போடுகிறோம். அவர்களாவது ஆற்றைத் தெய்வம் என்று நம்பி விட்டார்கள். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. தட்டின் இரண்டு பக்கத்துக் காகிதத்தையும் படம் எடுங்கள். நசுக்காத, வழிக்காத கோப்பு ஒன்றைத் தனியே வையுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், உறையிட்டு நிமிர்த்தி வையுங்கள். வீட்டில் இடமில்லையா? சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீசையும்கூட எறியாமல் கோட்டையூரில் சேர்த்து வைத்த ஒரு மனிதரின் சேகரிப்பிலிருந்து 1994-இல் பிறந்த இடம் அது, கேட்டுப் பாருங்கள்.

அதைவிடப் பக்கத்தில் அண்ணாமலைநகர் இருக்கிறது. 1941-இல் தமிழிசைக்காக மாநாடு கூட்டிய இடம். தமிழில் பாடுங்கள் என்று வித்வான்களிடம் வழக்காடிய மண்ணில், தமிழில் பாடியவர்களின் தட்டுக்கு ஓர் அலமாரி கிடைக்காதா? பல்கலைக்கழகம் கேட்கட்டும், புவனகிரிக்காரர்கள் கொடுக்கட்டும். பென்டிரைவ் சட்டைப் பையில் இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? தட்டும் ஊரில் இருக்கட்டும்.