கார்களை எண்ணுவோர் சாதியை எண்ண மறுப்பது ஏன்?

ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் வரலாற்றில் 2024 ஒரு சாதனை ஆண்டு. ஜனவரியில் புதுப்பிக்கப்பட்ட கிரெட்டா சந்தைக்கு வந்தது. அதே மாதம் சென்னையில் நடைபெற்ற உலக முதலீட்டாளர் மாநாட்டில், தமிழ்நாட்டில் மேலும் 6,180 கோடி ரூபாய் முதலீடு செய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. சென்னை ஐஐடியுடன் இணைந்து ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைப்பதும் அதில் அடங்கும். ஏப்ரலில் மின்கார் பேட்டரிகளுக்காக எக்சைடு குழுமத்துடன் கைகோத்தது. அக்டோபரில் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்குகள் விற்கப்பட்டன. இந்தியாவில் அதுவரை நடந்தவற்றுள் அதுவே மிகப்பெரிய பங்கு வெளியீடு. உள்நாட்டு விற்பனை 6 லட்சம் கார்களைத் தாண்டியது.

இச்செல்வத்தின் ஊற்று காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டை. வாகன ஆலைகளுக்கு நிலமும் சலுகைகளும் வழங்குவது அரசு. அவை மக்களின் சொத்து. 2011 கணக்கெடுப்பின்படி அம்மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஆலையின் நிரந்தரப் பணிகளிலும் மேலாளர் பதவிகளிலும் அவர்களின் பங்கு எவ்வளவு? அந்நிறுவனம் பாகுபாடு காட்டுகிறது என்பது நம் குற்றச்சாட்டன்று. காட்டுகிறதா, இல்லையா என்று அறியும் வழியே சட்டத்தில் இல்லை என்பதுதான் நம் முறையீடு.

அரசமைப்பின் 16(4) ஆம் கூறு அரசுப் பணிகளோடு நின்றுவிடுகிறது. தனியார் துறை இடஒதுக்கீட்டுக்குப் புதிய சட்டம் தேவை. 2005ஆம் ஆண்டின் 93ஆவது திருத்தம் தனியார் கல்லூரிகளின் கதவைத் திறந்தது; 2014இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. ஆலைகளின் கதவுக்கு அத்தகைய திருத்தம் இன்னும் வரவில்லை. அது வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் பொறுப்புடைமை அறிக்கை அளிக்க வேண்டும் என்பது செபியின் விதி. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், பிறர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று அது கேட்கிறது. நீர், மின்சாரம், கழிவு ஆகியவற்றின் அளவையும் கேட்கிறது. பணியாளர்களுள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை. இக்குறையை நீக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை. செபி தன் படிவத்தை மாற்றினால் போதும்.

இது நிறுவனங்கள் அறியாத புதுமையுமன்று. அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் பணிபுரியும் தனியார் நிறுவனங்கள், எந்தப் பதவி நிலையில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கை அரசுக்கு அளிக்க வேண்டும் என்ற விதி 1960களிலேயே வந்துவிட்டது. ஹூண்டாய்க்கு அங்கே அலபாமாவில் ஆலை உண்டு. அலபாமாவில் இனத்தை எண்ணக் கடமைப்பட்ட குழுமத்துக்கு, இருங்காட்டுக்கோட்டையில் சாதியை எண்ணும் கடமை ஏன் இல்லை?

சாதியைக் கேட்பது சாதியை வளர்க்கும் என்பர் சிலர். 2007இல் வெளிவந்த தோரட், அட்டுவெல் ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அவர்கள் அனுப்பினர். தலித் பெயர் தாங்கியவற்றுக்கு, உயர்சாதிப் பெயர் தாங்கியவற்றைவிட அழைப்புகள் குறைவாகவே வந்தன. எவரும் சாதியைக் கேட்கவில்லை, பெயரே போதுமானதாயிற்று. அந்தரங்க உரிமைக்கும் இதனால் ஊறு நேராது. விரும்பித் தெரிவிப்போரின் தகவலைத் தனிப்பெயரின்றித் தொகுப்பாக வெளியிட்டால் போதும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இரண்டு. செபி தன் அறிக்கைப் படிவத்தில் சாதிவாரிப் பணியாளர் விவரத்தைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு, தான் கையெழுத்திடும் ஒவ்வொரு முதலீட்டு ஒப்பந்தத்திலும் அவ்விவரத்தை வெளியிடுவதைச் சலுகைக்கான நிபந்தனையாக்க வேண்டும்.

எண்ணிக்கை நீதியாகிவிடாது. ஆனால் எண்ணிக்கை இன்றி நீதிமன்றத்தில் வழக்கும் இல்லை, சட்டமன்றத்தில் விவாதமும் இல்லை. அடுத்த ஆண்டறிக்கை வரும்போது எத்தனை கார்கள் விற்றன என்பதை நாளேடுகள் சொல்லும். அவற்றைச் செய்தவர்கள் யார் என்பதை நாம் கேட்போம்.