முகப்பில் யார் முகம்?

வாழ்வியல் திறன்களை இளையோர்க்குப் பயிற்றும் அறப்பணி நம் ஊர்களிலும் வேரூன்றி வருவது மகிழ்ச்சிக்குரியது. தன்னையறிதல், பிறர் துயருணர்தல், முடிவெடுத்தல், மன அழுத்தத்தை எதிர்கொள்ளுதல் முதலாகப் பத்துத் திறன்களை உலக நலவாழ்வு அமைப்பு 1990-களிலேயே வகுத்துரைத்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைக்கு, அவ்வழியில் முன்னே நடந்த ஒருவரின் துணை இன்றியமையாதது. அத்துணையை இணைத்துத் தரும் அமைப்பொன்று, தன் இணையத்தளத்தைப் புதுக்க விரும்பி, வாசகங்களைச் சீர்செய்து தருமாறு நம் துறையை நாடியது.

பழைய தளத்தைத் திறந்தோம். முகப்பில் அசைபடம் ஓட வேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டி. ஃபிளாஷ் மென்பொருளின் ஆதரவு 2020 இறுதியோடு நின்றுபோனதை எவரும் கவனித்திலர். தமிழ் வாசகங்களோ படங்களாக ஒட்டப்பட்டிருந்தன. பார்வையற்ற மாணவர்க்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும் எழுத்தாக அவை இல்லை. இவை ஒருங்குறியில் தட்டச்சிட்டால் தீரும் குறைகள்.

எளிதில் தீராதது, முகப்பு யாருக்கு என்னும் வினா. கொடையாளர்க்கே என்றனர் நிர்வாகிகள். ஆகவே தலைவர் உரையும் விழாப் படங்களும் முன்னிற்க, உதவி பெற்ற பிள்ளைகளின் நிழற்படங்கள் அவர்தம் வறுமைக் கதைகளோடு கீழே அணிவகுத்திருந்தன. கொடையின்றி இப்பணி நடவாது. அதனை நாம் மறுக்கவில்லை. வரவு செலவுக் கணக்கை ஒளிவின்றி வெளியிட்டாலே கொடையாளர் மனநிறைவு கொள்வர் என்பது நம் எண்ணம். ஆனால் ‘தந்தை கைவிட்ட மகள்’ என்னும் தலைப்பின்கீழ் நிற்கும் சிறுமி, வளர்ந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளிலும் அப்பக்கம் அவளைத் தொடருமே! பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது 2023-இல் இயற்றப்பட்ட மின்னிலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் கிடக்கட்டும், நம் வீட்டுப் பெண்ணின் படத்தை இவ்வாறு இட ஒப்புவோமா?

குறை நம்மிடமும் இருந்தது. ‘வாழ்வியல் திறன் மேம்பாட்டு வழிகாட்டுநர் இணைப்புத் திட்டம்’ என்று முதலில் எழுதித் தந்தவர் நாமே. சொல்லாக்கம் செம்மையாக அமைந்ததென மகிழ்ந்தும் இருந்தோம். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தன் கைப்பேசியில் அதனைப் பார்த்துவிட்டு, “ஐயா, உதவி வேணும்னா இதுல எங்க கேக்கணும்?” என்றாள். நம்மால் விடை கூற இயலவில்லை. அன்று மாலையே அவ்வரியை அடித்துவிட்டு, ‘படிப்பிலோ வாழ்விலோ குழப்பமா? பேசுவதற்கு ஓர் அக்கா, ஓர் அண்ணன் இருக்கிறார்’ என்று எழுதி, அதன்கீழ்த் தொலைபேசி எண்ணுக்கு இடம் விட்டோம்.

புதிய முகப்பில் அவ்வரியே முதலில் நிற்க வேண்டும் என்று எழுதி அனுப்பியுள்ளோம். பிள்ளைகளின் படங்களை நீக்குவது குறித்து நிர்வாகக் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை. அப்பக்கத்திற்கு மட்டும் நாம் வாசகம் எழுதித் தரவில்லை.